பேசியவருக்காக வாதாடப் போவது யார்? கருத்துச் சுதந்திர வழக்குகளுக்கு வழக்கறிஞர் பயிற்சி

கருத்துச் சுதந்திரம் என்றதும் பத்திரிகை ஆசிரியர், எழுத்தாளர், மேடைப் பேச்சாளர், கேலிச்சித்திரக் கலைஞர் என்று பலர் நம் நினைவுக்கு வருவார்கள். வழக்கறிஞர் வருவதில்லை. ஆனால், ஒருவர் பேசியது குற்றமா இல்லையா என்பது கடைசியில் முடிவாவது நீதிமன்றத்தில்தான். அங்கே அவருக்காக எழுந்து நிற்பவர் இந்தத் துறைச் சட்டத்தை எந்த அளவுக்குக் கற்றவர் என்பதைப் பொறுத்துப் பல வழக்குகளின் போக்கே மாறிவிடுகிறது.

நம் நாட்டுப் பட்டணங்களில் உள்ள வழக்கறிஞர்களில் பலரும் அன்றாடம் கவனிப்பது சாலை விபத்து, வீடு வாங்குவது விற்பது, மணவிலக்கு, கடன் பாக்கி போன்ற வழக்குகளைத்தான். பேச்சுக்காக ஒருவர் கைதாகும் வழக்கு அவர்களிடம் எப்போதாவதுதான் வரும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வழக்கில் சிக்குபவர்கள் பெரும்பாலும் அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களுமாக இருந்தார்கள். கைப்பேசி வந்த பிறகு எல்லாரும் பதிப்பாளர்கள் ஆகிவிட்டோம். லாரி ஓட்டுநரும் குடும்பத் தலைவியும் கல்லூரி மாணவரும் எழுதும் இரண்டு வரி கூட வழக்காகலாம். அந்த இரவில் அவர்கள் அழைக்கப் போவது தங்களுக்குத் தெரிந்த பக்கத்து ஊர் வழக்கறிஞரைத்தான். அவர் தயாராக இருக்கிறாரா என்பதே கேள்வி.

சட்டம் கொடுப்பதும் எடுப்பதும்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி, பேசவும் கருத்தை வெளியிடவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. அதே விதியின் அடுத்த உட்பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பிற நாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம் முதலிய காரணங்களுக்காக அந்த உரிமைக்கு நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. குடியுரிமை, தேசிய மொழி, 153ஆவது விதியின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் அதிகாரம் ஆகியவற்றைக் கேள்விக்கு உட்படுத்துவதைத் தடைசெய்ய இடமளிக்கும் உட்பிரிவு, 1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1971இல் சேர்க்கப்பட்டது.

இவற்றின் கீழ்ப் பல சட்டங்கள் செயல்படுகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் வந்த 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டப்படி, முதல் முறை குற்றம் உறுதியானால் 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பேசியவரின் நோக்கம் என்ன என்பது பொருட்டல்ல என்று அதன் 3(3) பிரிவு சொல்கிறது. இணையத்தில் எழுதுவோர் மீது பாயக்கூடியது 1998ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், அதன் அபராத உச்ச வரம்பை 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளிக்கு உயர்த்தியது. சிறைத் தண்டனையும் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகக் கூடியது.

இந்தச் சட்டங்களைப் படித்தால் மட்டும் போதாது. தேச நிந்தனைச் சட்டத்தின் 3(2) பிரிவையும் வழக்கறிஞர் அறிந்திருக்க வேண்டும். அரசாங்கத்தின் தவறுகளையும் குறைகளையும் சுட்டிக்காட்டித் திருத்தம் கேட்பது, சட்டப்படியான வழியில் மாற்றம் கோருவது ஆகியவற்றுக்கு அந்தப் பிரிவு இடம் விடுகிறது. பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியும் தொங்குகிறது. அதைத் தேடிப் பார்க்கும் கண் வேண்டும்.

முதல் 24 மணி நேரம்

பயிற்சி தொடங்க வேண்டிய இடம் போலீஸ் நிலையம். கைதானவரைக் கேள்வி கேட்பதற்கு முன்பே, உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு கூறுகிறது. வாக்குமூலம் வாங்கும்போது, தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் கட்டுப்பட்டவர் அல்லர். இந்த இரண்டையும் அறியாமல், 'நல்ல மனத்தோடுதான் எழுதினேன்' என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. பிறகு வழக்கறிஞரிடம் வாதாட மிச்சம் இருப்பது குறைவு.

24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை. 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனை உள்ள குற்றமானால், முதல் முறை நான்கு நாள், இரண்டாம் முறை மூன்று நாள் என்பதே உச்ச வரம்பு. பேச்சு வழக்குகளில் இந்த இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டும். எழுதிய வரி எல்லாரும் பார்க்கும்படி திரையில் இருக்கிறது, கைப்பேசியும் கைப்பற்றப்பட்டுவிட்டது, எழுதியது தாம்தான் என்று அவரே சொல்கிறார். அப்படியிருக்க, விசாரணைக்காக அவரை லாக்கப்பில் வைத்திருக்க வேண்டிய காரணம் என்ன? தயாராக வந்த வழக்கறிஞர் இந்தக் கேள்வியை ஐந்து நிமிடத்தில் எடுத்து வைப்பார். தயாராகாதவர் நாள்களைக் குறைக்குமாறு கெஞ்சுவார்.

மொழி என்னும் கண்ணி

அடுத்தது, குற்றப் பத்திரிகையில் உள்ள சொற்கள். என்ன பேசப்பட்டது, எந்த மொழியில் பேசப்பட்டது, மொழிபெயர்த்தவர் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தமிழில் பேசுவோருக்கு இது உயிர்நாடியான விஷயம். 'என் கழுத்தை அறுத்துவிட்டான்' என்றால் நம்பவைத்து ஏமாற்றிவிட்டான் என்று நமக்குப் புரியும். 'வயிறு எரிகிறது' என்றால் அது மனக்குமுறல். இவற்றைச் சொல்லுக்குச் சொல் மலாய்க்கு மாற்றினால், முன்னது கொலை முயற்சியாகவும் பின்னது நோயாகவும் மாறிவிடும். 'ஒரு கை பார்த்துவிடுவோம்' என்ற தேர்தல் மேடைச் சவடால், மொழிபெயர்ப்பில் அடிதடி மிரட்டலாகத் தெரியலாம்.

2007 நவம்பரில் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் மூவர் மீது கொண்டுவரப்பட்ட தேச நிந்தனைக் குற்றச்சாட்டு, தமிழில் ஆற்றப்பட்ட உரையைப் பற்றியது. அன்று அங்கே தமிழ் மூல வாசகமும் அதன் மொழிபெயர்ப்புமே வாதப் பொருளாயின. இப்படிப்பட்ட வழக்கில் தமிழறிந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் குழுவில் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. பேச்சின் ஒலிப்பதிவை முழுதும் கேட்டு, முன்னும் பின்னும் என்ன சொல்லப்பட்டது, எதற்குக் கூட்டம் சிரித்தது என்பதையெல்லாம் குறித்து வைக்கும் வேலை அவருடையது.

மூன்று கேள்விகள்

உலகின் பல நீதிமன்றங்களில் கருத்துச் சுதந்திர வழக்குகள் மூன்று கேள்விகளைச் சுற்றியே நடக்கின்றன. முதலாவது, கட்டுப்பாடு தெளிவான சட்டத்தின் மூலம் வந்ததா? இரண்டாவது, அதன் நோக்கம் நியாயமானதா? மூன்றாவது, அந்த நோக்கத்தை அடைய இவ்வளவு கடுமை தேவைதானா? கொசுவை அடிக்கச் சம்மட்டியை எடுத்தார்களா என்று பார்ப்பதே மூன்றாவது கேள்வி. பயிற்சிப் பட்டறைகளில் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும் இதுதான்.

இந்தக் கேள்விகளை நம் நீதிமன்றத்தில் அப்படியே தூக்கி வைக்க முடியாது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. சிங்கப்பூரும் சேரவில்லை. ஆகவே உள்நாட்டுச் சட்டத்திலேயே அதற்கான வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். மலேசிய மனித உரிமை ஆணையச் சட்டம் 1999, அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை, அரசியலமைப்புக்கு முரண்படாத அளவில், கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அது ஒரு சிறு வாசல். பெரிய வாசல் ஒரே ஒரு சொல்லில் இருந்தது.

அந்தச் சொல் 'நியாயமான' என்பது. மலாயாவுக்கு அரசியலமைப்பு வரைந்த ரீட் ஆணையம், 'நியாயமான' கட்டுப்பாடுகளை மட்டுமே விதிக்கலாம் என்று தன் நகலில் எழுதியது. ஆணையத்தில் இருந்த பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீத் அதற்கு மறுப்புத் தெரிவித்தார். 1957இல் நிறைவேறிய வாசகத்தில் அந்தச் சொல் இல்லை. 53 ஆண்டுகள் கழித்து, 2010இல், சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அந்தச் சொல் அங்கே இருப்பதாகக் கொண்டே 10ஆவது விதியைப் படிக்க வேண்டும் என்றது. அரசியல் பொறுப்பில் உள்ளவர்கள் வழக்கறிஞர் மன்றத்தில் இடம்பெறக் கூடாது என்ற தடையை எதிர்த்து வந்த வழக்கு அது. சிவராசா வழக்கில் தோற்றார். ஆனால், அவர் வழக்கு விட்டுச் சென்ற வாசகம் அடுத்த ஆண்டே நான்கு மாணவர்களுக்குக் கைகொடுத்தது.

2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் சமயத்தில் அங்கே சென்றதற்காக மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் ஒழுங்கு நடவடிக்கையை எதிர்நோக்கினர். அரசியல் கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்க மாணவர்களுக்குத் தடை விதித்த சட்டப் பிரிவு நியாயமானதன்று என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒருவர் தோற்ற வழக்கு, இன்னொருவர் வெல்லும் வழக்குக்குப் படிக்கல்லாகும். அதனால்தான், இன்று தோற்றாலும் எல்லா வாதங்களையும் முறையாகப் பதிவில் ஏற்றிவிட்டுத் தோற்க வேண்டும் என்று இளம் வழக்கறிஞர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

வாதத்துக்குச் சான்று வேண்டும்

பெரிய தத்துவங்களைப் பேசுவதைவிடச் சிறிய உண்மைகளை நிரூபிப்பது பல வழக்குகளில் வெற்றி தருகிறது. 'சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம்' அமைப்பு 2005இல் வெளியிட்ட நூல் ஒன்றை 2008இல் உள்துறை அமைச்சு தடைசெய்தது. பொது ஒழுங்குக்குக் கேடு என்பது காரணம். நூல் இரண்டு ஆண்டுக்கும் மேலாக மக்களிடம் புழங்கியிருக்கிறது. அதனால் எங்கேனும் ஒரு சிறு கலகம் நடந்ததா? உயர் நீதிமன்றம் 2010 ஜனவரியில் தடையை ரத்து செய்தது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. கேலிச்சித்திரக் கலைஞர் சூனாரின் நூல்கள் மீதான தடையையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் நீக்கியது.

வழி தவறினால் வலுவான வாதமும் வீணாகும் என்பதற்கும் சான்று உண்டு. பேசியவரின் நோக்கம் பொருட்டல்ல என்னும் 3(3) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2016 நவம்பரில் மாட் ஷுஹாய்மி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2018இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஒதுக்கி வைத்தது. அந்தப் பிரச்சினை முன்பே வேறொரு வழியில் எழுப்பப்பட்டு முடிவானது. அதை மீண்டும் கொண்டு வரக் கூடாது என்பதே காரணம். நல்ல கேள்வியை எந்த நீதிமன்றத்தில், எந்த மனு மூலம், எந்த நேரத்தில் எழுப்புவது என்பது தனிக் கல்வி. சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோமின் வழக்கில், விசாரணைக்கு முன்பே அரசியலமைப்புக் கேள்வி கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்றது. தேச நிந்தனைச் சட்டம் செல்லும் என்று 2015 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பிறகு 2016 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அவர் மீதான குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டார்.

பொறுமையும் ஒரு பாடம். பேரணிக்கு முன்கூட்டி அறிவிப்புத் தராததைக் குற்றமாக்கும் பிரிவு செல்லாது என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு செல்லும் என்றது. 2025 ஜூலை 1ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று முடிவு கட்டியது. நடுவில் ஓடியது பதினொரு ஆண்டு.

சென்னையிலிருந்து வந்த சரக்கு

நம் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டக்கூடிய இந்தியத் தீர்ப்புகளில் பல, சென்னை மண்ணில் தொடங்கியவை. 1952இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த 'சென்னை மாநிலம் எதிர் வி.ஜி. ராவ்' வழக்கு அவற்றில் ஒன்று. கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது, பாதிக்கப்படும் உரிமை எது, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, அதற்கு இந்தக் கட்டுப்பாடு அளவுக்கு மீறியதா என்றெல்லாம் எடைபோட வேண்டும் என்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. 1994இல் 'நக்கீரன்' வார இதழ் வழக்கில், ஆட்டோ சங்கரின் தன்வரலாறு வெளிவருமுன் அதைத் தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்றும், அவதூறு என்று கருதும் அதிகாரிகள் வெளிவந்த பிறகு வழக்குத் தொடரலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

இவற்றைப் பயன்படுத்துவதிலும் கவனம் தேவை. 'நியாயமான' என்ற சொல் இந்திய அரசியலமைப்பின் 19ஆவது விதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. இங்கே நீதிபதிகள் அதைப் படித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை மறைத்து வாதாடினால், எதிர்த்தரப்பு ஒரே வரியில் கவிழ்த்துவிடும்.

எங்கே, எப்படிப் பயிற்சி?

தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞராக விரும்பும் சட்டப் பட்டதாரி, மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் சேம்பரிங் பயிற்சி பெற வேண்டும். அவர் எந்த அலுவலகத்தில் சேர்கிறாரோ அங்கே வரும் வழக்குகளைத்தான் கற்றுக்கொள்வார். நில விற்பனை அலுவலகத்தில் சேர்ந்தவருக்குப் பேச்சுரிமை வழக்கைப் பார்க்கவே வாய்ப்பு அமையாமல் போகலாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

உலக அளவில் சில முறைகள் நன்றாகப் பயன் தந்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் 2008 முதல் நடத்தி வரும் பிரைஸ் ஊடகச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டி, மாணவர்களைக் கற்பனை வழக்கில் இரு தரப்பிலும் வாதாட வைக்கிறது. இரு தரப்பிலும் வாதாடுவது முக்கியம். அரசாங்கத்தின் கவலை என்ன என்று உணராதவர் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இலண்டனில் இயங்கும் 'மீடியா டிஃபென்ஸ்' அமைப்பு வேறொரு வழியைக் கையாள்கிறது. வெவ்வேறு நாட்டு வழக்கறிஞர்கள் தங்கள் கையிலுள்ள உண்மை வழக்குகளோடு வந்து சில நாள் ஒன்றாக அமர்வார்கள். ஒவ்வொரு வழக்கையும் அறுவைச் சிகிச்சை மேசையில் வைத்தது போல எல்லாரும் பிரித்துப் பார்ப்பார்கள். மனுவில் ஓட்டை எங்கே, எந்தச் சான்று குறைகிறது, எந்த நாட்டுத் தீர்ப்பு உதவும் என்று திருத்திக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இதே அமைப்பு உதவிய வழக்கு ஒன்றில், புர்க்கினா ஃபாசோ நாட்டு ஆசிரியர் இஸ்ஸா கொனாத்தேவை அவதூறுக்காகச் சிறையில் தள்ளியது தவறு என்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. யுனெஸ்கோ நீதிபதிகளுக்கும் இத்துறையில் பயிற்சி தருகிறது. ஒரு கையால் தட்டினால் ஓசை வராது அல்லவா?

பிடிக்காத பேச்சுக்கும் வழக்கறிஞர் வேண்டும்

இந்தப் பயிற்சியில் கடினமான பாடம் சட்டப் புத்தகத்தில் இல்லை. 1978 அக்டோபரில் சபா நாடாளுமன்ற உறுப்பினர் மார்க் கோடிங், தமிழ்ப் பள்ளிகளையும் சீனப் பள்ளிகளையும் மூட வேண்டும் என்று மக்களவையில் பேசினார். தேச நிந்தனை வழக்கு வந்தது. பள்ளிகளை மூடச் சொன்னது குற்றமாகாது என்றது நீதிமன்றம். ஆனால், மொழிகளைப் பற்றிய 152ஆவது விதியைத் திருத்தச் சொன்னது குற்றம் என்றது.

தமிழ்ப் பள்ளியில் படித்த ஒருவருக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். ஆனாலும், பள்ளியை மூடச் சொல்பவரின் வாயைப் பூட்டும் சட்டம், பள்ளிக்கு நிலமும் மானியமும் கேட்டுக் குரல் எழுப்புபவரின் வாயையும் பூட்டும். ஆகவே, தமக்குப் பிடிக்காத கட்சிக்காரருக்காகவும் வாதாட வழக்கறிஞர் கற்க வேண்டியிருக்கிறது. அதோடு எல்லையையும் கற்க வேண்டும். பல இனங்கள் வாழும் நாட்டில் 'அவர்களைத் தாக்குங்கள்' என்று கூட்டத்தைத் தூண்டுவது வேறு. மனம் புண்படப் பேசுவது வேறு. முன்னதைக் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லிக் காப்பாற்ற வருபவர், பின்னதற்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பையும் கெடுத்துவிடுவார்.

வழக்கறிஞரே கூண்டில் நின்ற வரலாறும் நமக்கு உண்டு. மரண தண்டனைக் கைதி ஒருவருக்காக மன்னிப்பு வாரியத்துக்கு வேண்டுகோள் விடுத்த பரம் குமாரசுவாமி மீது 1985இல் தேச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. 1986இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னர் அவர் நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்துக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியானார். கர்ப்பால் சிங் 2009 பிப்ரவரியில், பேரா ஆட்சி நெருக்கடியின்போது சட்டம் பற்றிச் சொன்ன கருத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டார். 2014 மார்ச்சில் 4,000 வெள்ளி அபராதம்; அடுத்த மாதமே சாலை விபத்தில் மரணம். குடும்பத்தார் வழக்கை விடவில்லை. 2019 மார்ச் 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை. பேச்சுக்காகப் போலீஸ் அழைத்தால், பதில் சொல்லும் முன் வழக்கறிஞரைக் கேட்பது உரிமை. வசதி இல்லாதவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும், 2012 முதல் இயங்கும் தேசியச் சட்ட உதவி அறவாரியமும் உள்ளன. வீட்டில் சட்டம் படிக்கும் பிள்ளை இருந்தால், சொத்து வழக்கோடு அரசியலமைப்புச் சட்டத்தையும் ஆழ்ந்து படிக்கச் சொல்லலாம். நம் பேச்சுத் தமிழின் பொருளை நீதிபதிக்கு எடுத்துச் சொல்ல நாளை ஒருவர் தேவைப்படுவார்.